அக்கா மகள்: தத்தெடுப்பதா, கார்டியன் ஆவதா?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாசகிக்கு 35 வயது, கணவருக்கு 42. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். வாசகியின் அக்காவும் அக்கா கணவரும் இப்போது உயிரோடு இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த அக்கா கணவர் நான்கு வருடங்களுக்கு முன்பு சாலை விபத்தில் இறந்துவிட்டார். விபத்து வழக்கில் நஷ்ட ஈடு கிடைத்தது. குழந்தையின் பங்கு அவள் பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கிறது. போன வருடம் அக்காவும் நோயில் இறந்துவிட்டார். "என் பொண்ணை நீதான் பார்த்துக்கணும்" என்று ஆஸ்பத்திரியில் வைத்துத் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கு இப்போது எட்டு வயது, சித்தி வீட்டில் வளர்கிறாள்.

அவளுடைய அப்பா தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு போச்சம்பள்ளிப் பக்கம் இருக்கிறது. தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர் குழந்தையின் பெரியப்பா. ஒவ்வொரு வருடமும் பூ எடுக்கும் நேரத்திலேயே வியாபாரியிடம் காய்க் குத்தகைக்கு விட்டு, பணத்தை அவரே வாங்கிக்கொள்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டியும் அவர் வீட்டில்தான் இருக்கிறார். தாய்வழித் தாத்தா, அதாவது வாசகியின் அப்பா, தனியாக இருக்கிறார். அவருக்கு ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் உண்டு, வாசகியும் இறந்துபோன அக்காவும் மட்டுமே வாரிசுகள்.

"100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் தத்துப் பத்திரம் எழுதி, என் அப்பா குழந்தையை எங்களுக்குக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் சீல் வாங்கி வைத்திருக்கிறோம். இது போதும் என்று எழுதிக் கொடுத்தவர் சொன்னார். இதைக் காட்டி ஸ்கூலிலும் ஆதாரிலும் அப்பா பெயரை என் கணவர் பெயராக மாற்றலாமா? பெரியப்பாவோ, தத்து எடுத்தால் அவள் அப்பா சொத்தில் ஒரு சென்ட் கூட வராது என்கிறார். தோப்பில் பாத்தியதை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் குழந்தையை நாங்களே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போய்க் கூட்டிப் போவேன் என்றும் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாள் கார்டியனாக இருந்தால் தானாகவே தத்து ஆகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். கணவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அக்காவை இழந்த துக்கம் ஆறுவதற்குள் ஆஸ்பத்திரிக் கடனையும் சொந்தக்காரர்கள் பேச்சையும் தாங்கிக்கொண்டு, ஒரு குழந்தையைத் தனியாக விடாமல் கூட்டி வந்திருக்கிறீர்கள். இதில் நீங்கள் சட்ட விரோதமாக எதுவும் செய்யவில்லை. அவள் உங்களிடம் வளர்வதை யாரும் கடத்தல் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் காகிதத்தை நம்பி ஒரு அடி கூட எடுத்து வைக்காதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கார்டியன் ஆவது தத்துக்கு முந்தைய படி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் கார்டியன் ஆனால் அவள் கடைசி வரை உங்கள் அக்கா மகள்தான். அவளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தையும் பொறுப்பையும் நீதிமன்றம் அவளுக்கு 18 வயது ஆகும்வரை உங்களிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். தத்து எடுத்தால் அவள் யாருடைய மகள் என்பதே சட்டத்தில் மாறிவிடும், அது ஆயுசுக்கும் மாறும். பத்து வருடம் கார்டியனாக இருந்தாலும் அது தத்தாக ஆகாது. தத்து எடுத்தபின் மனம் மாறிவிட்டது என்று ரத்து செய்யவும் முடியாது.

அந்த ஸ்டாம்ப் பேப்பர் ஏன் செல்லாது

நீங்கள் இந்துக்கள் என்பதால் பத்திரம் எழுதியவர் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தை மனதில் வைத்து எழுதியிருப்பார். அந்தச் சட்டத்தின்படியே அது செல்லாது. முதல் காரணம் உங்கள் சொந்த மகள். மகளோ மகன் வழிப் பேத்தியோ உயிரோடு இருக்கும்போது, அந்தச் சட்டத்தின் கீழ் இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. மகன் இருப்பவர்கள் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உங்களுக்கு மகன் மட்டும் இருந்திருந்தால் பேச்சு வேறு.

இரண்டாவது காரணம், தத்துக் கொடுத்தது யார் என்பது. பெற்றவர்கள் இருந்தால் அவர்கள்தான் கொடுக்க வேண்டும். இருவரும் இறந்துவிட்டால் குழந்தையைப் பராமரிக்கும் கார்டியன் கொடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கார்டியன் தனக்கே தத்து எடுத்துக்கொள்வதற்கும் இதே அனுமதி தேவை. குழந்தைக்கு இது நன்மையா, அவள் வயதுக்கும் புத்திக்கும் ஏற்ப அவள் என்ன விரும்புகிறாள், யாராவது இதற்குப் பணம் வாங்கியிருக்கிறார்களா என்பதையெல்லாம் பார்த்துத்தான் நீதிமன்றம் அனுமதி தரும். தாத்தா பாசத்தோடு போட்ட கையெழுத்து அந்த அனுமதிக்கு ஈடாகாது.

இதே பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டால் சரியாகிவிடுமே என்று யாராவது சொல்லக்கூடும். பதிவு செய்த தத்துப் பத்திரத்தை, சட்டப்படி நடந்த தத்து என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் எதிர்த்தரப்பு அதை உடைக்கலாம். உங்கள் மகளின் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே அதற்குப் போதும்.

ஆகவே அதைக் காட்டிப் பள்ளியிலும் ஆதாரிலும் அப்பா பெயரை மாற்றாதீர்கள். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், வங்கியில் வேறொரு பெயர் என்று ஆகிவிட்டால், நாளைக்கு வைப்புத் தொகையை வாங்கப் போகும்போது தான் இன்னாருடைய மகள் என்று அந்தப் பெண்ணே நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். சாதிச் சான்றிதழிலும் சிக்கல் வரும். பெற்றோர் பெயர் இருக்கும் இடத்தில் பெற்றோர் பெயரே இருக்கட்டும், கார்டியன் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கொடுங்கள்.

உங்களுக்குத் திறந்திருக்கும் தத்து வழி

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் சித்தி, பெரியம்மா, மாமா, அத்தை, சித்தப்பா, பெரியப்பா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி ஆகியோர் உறவினர் தத்து என்ற முறையில் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். மதம் தடையில்லை, ஏற்கெனவே மகள் இருப்பதும் தடையில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ஆனால் யார் வேண்டுமானாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியே தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம், அப்போதிருந்த பழைய சட்டத்தை வைத்தே தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் மாவட்டத்தில் இது பலருக்கும் தெரியாததால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தத்து என்றாலே தொட்டில் குழந்தையும் வருடக்கணக்கான காத்திருப்புப் பட்டியலும்தான் பலருக்கு நினைவு வரும். உறவினர் தத்துக்கு அந்தப் பட்டியல் கிடையாது. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, கலெக்டர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை தருவார்கள். பெற்றோர் இருவரும் இல்லாததால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். ஐந்து வயதைத் தாண்டிய குழந்தை என்பதால் அவளுடைய சம்மதமும் வேண்டும். முன்பெல்லாம் நீதிமன்றம்தான் தத்து உத்தரவு கொடுத்தது. 2022 செப்டம்பர் 1 முதல் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு மாறிவிட்டது. விண்ணப்பத்தை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காகிதங்களைச் சேர்ப்பதற்குத்தான் அதைவிட அதிக நாள் பிடிக்கும். அந்த உத்தரவு கிடைத்த பிறகு, அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் உங்கள் இருவர் பெயரையும் முறையாகப் போடலாம்.

வழி இருக்கிறது. ஆனால் அதில் இறங்குவதற்கு முன், உங்கள் கடிதத்தில் வராத ஒரு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும்.

எந்தச் சொத்து போகும், எது போகாது

பெரியப்பா சொன்னது தவறு. தத்து எடுக்கும் நாளுக்கு முன்பு குழந்தைக்கு எந்தச் சொத்தில் உரிமை வந்து சேர்ந்துவிட்டதோ, அது தத்துக்குப் பிறகும் அவளுடையதுதான். நான் மேலே சொன்ன இரண்டு சட்டங்களும் இதை எழுதியே வைத்திருக்கின்றன. அவளுடைய அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் கிரயம் வாங்கிய தோப்பு அன்றைக்கே மூன்று சம பங்காகிவிட்டது. அவருடைய அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. உங்கள் அக்கா இறந்தபோது அவருடைய பங்கும் மகளுக்கே வந்துவிட்டது. ஆக, இன்றைய தேதியில் தோப்பில் மூன்றில் இரண்டு பங்கு இந்த எட்டு வயதுக் குழந்தையுடையது, ஒரு பங்கு பாட்டியுடையது. பாட்டி உயிரோடு இருக்கும்வரை பெரியப்பாவுக்கு அதில் சொந்தப் பங்கே கிடையாது. நஷ்ட ஈட்டில் குழந்தையின் வைப்புத் தொகையும், அக்காவின் பங்கில் மீதி ஏதாவது இருந்தால் அதுவும் இதேபோல் அவளுக்குத்தான்.

ஆனால் இனிமேல் வரக்கூடிய சொத்தின் கணக்கு வேறு. தத்து உத்தரவு வந்த நாளோடு பிறந்த குடும்பத்துடன் அவளுடைய சட்ட உறவு முடிந்துவிடுகிறது. பாட்டி உயில் எழுதாமல் இறந்தால், இறந்த மகனின் மகள் என்ற முறையில் பாட்டியின் பங்கில் அவளுக்கு ஒரு பாகம் இன்றைக்கு வரும். தத்துக்குப் பிறகு அது வராது.

இதைவிட முக்கியமானது உங்கள் அப்பாவின் சொத்து. இன்றைய நிலையில் அவர் உயில் எழுதாமல் காலமானால் பாதி உங்களுக்கு, இறந்துபோன உங்கள் அக்காவின் இடத்தில் நின்று மறுபாதி இந்தக் குழந்தைக்கு. நீங்கள் அவளைத் தத்தெடுத்துவிட்டால் அவள் உங்கள் மகளாகத்தான் தாத்தாவுக்குப் பேத்தி, அக்கா மகளாக இல்லை. நீங்கள் உயிரோடு இருக்கும்போது அவளுக்கு நேரடியாக ஒன்றும் வராது, முழுச் சொத்தும் உங்களுக்கே வந்துவிடும். இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. ஆனாலும் நாளைக்கு அவள் வளர்ந்து இருபது வயதில் யாரோ காதில் போட்டால், உங்கள் அன்புக்கே வேறு அர்த்தம் கற்பித்துவிடுவார்கள். அதனால் தத்து எடுப்பதானால் அதற்கு முன்பே உங்கள் அப்பாவிடம் பேசி, குழந்தைக்குச் சேர வேண்டிய பாதியை அவள் பெயருக்குத் தான செட்டில்மெண்டாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டே அப்படி எழுதலாம். உயில் எழுதினாலும் சரிதான். ஆனால் உயிலை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் செட்டில்மெண்ட் மேல் என்பது என் கருத்து.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தத்தெடுத்தால் உங்கள் மகளுக்கு உள்ள அதே வாரிசு உரிமை உங்கள் சொத்திலும் உங்கள் கணவர் சொத்திலும் அவளுக்கும் வரும். கார்டியனாக மட்டும் இருந்தால் வராது. ஆனால் அவளுக்குக் கொடுக்க விரும்புவதை நீங்கள் உயிலில் எழுதலாம், அதற்குத் தத்து தேவையில்லை.

பெரியப்பாவின் பேரம்

தோப்பை விட்டுக்கொடுத்தால் குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்குத் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். ஒரு வரி கூட எழுதிக் கொடுக்காதீர்கள். தோப்பு உங்களுடையதல்ல, அவளுடையது. நீதிமன்றம் நியமிக்காத யாரும், பாசமாக வளர்க்கும் சித்தியே ஆனாலும், ஒரு இந்து மைனரின் சொத்தை விற்கவோ விடுதலைப் பத்திரம் எழுதவோ சட்டம் இடம் கொடுக்கவில்லை. இது பெரியப்பாவையும் கட்டுப்படுத்தும். குழந்தையைக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பணமோ சொத்தோ கைமாறுவது குற்றம் என்பதையும் அவருக்கு யாராவது பெரியவர்களை வைத்துச் சொல்லுங்கள்.

குழந்தை மீது அப்பா வழிக்குத்தான் முதல் உரிமை என்று ஊரில் சொல்வார்கள். நீதிமன்றம் அப்படிப் பார்ப்பதில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் குழந்தையின் நலனைத்தான் முதலில் வைக்கின்றன. நெருங்கிய உறவா, எப்படிப்பட்டவர், வளர்க்க முடியுமா, இறந்துபோன தாய் தகப்பன் என்ன விரும்பினார்கள், விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தை என்ன சொல்கிறாள் என்பதையெல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள். உங்கள் அக்கா ஆஸ்பத்திரியில் சொன்னதற்கு இங்கே மதிப்பு உண்டு. அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று இப்போதே எழுதி வையுங்கள். அக்கா அதை உயிலாக எழுதியிருந்தால் நீங்கள் உயில்வழிக் கார்டியன் ஆகியிருப்பீர்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் மற்ற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதற்கு வெள்ளைத் தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு எழுதிய உயிலே போதும்.

இத்தனை வருடக் காய்க் குத்தகைப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு குழந்தையுடையது, அதற்கு அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதை முதல் சண்டையாக ஆக்காதீர்கள். உரம், மருந்து, காவல் என்று அவரும் செலவு செய்திருப்பார். முதலில் உங்களுக்கு நீதிமன்ற உத்தரவு வரட்டும், அப்புறம் கணக்கைப் பேசலாம்.

நான் சொல்வது: முதலில் கார்டியன் மனு

உங்கள் நிலைமையில் நான் தத்தை முதலில் எடுக்க மாட்டேன். கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில், குழந்தையின் பராமரிப்புக்கும் சொத்துக்கும் சேர்த்து உங்களையும் கணவரையும் கூட்டாகக் கார்டியனாக நியமிக்கக் கேட்டு மனுப் போடுங்கள். ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் மற்றவர் தொடரலாம் என்பதற்காகத்தான் கூட்டாக என்கிறேன். மனுவில் பாட்டியையும் பெரியப்பாவையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். மறைத்து வாங்கும் உத்தரவு நிற்காது. நீதிபதி குழந்தையைத் தனியாக அழைத்துப் பேசக்கூடும். அவளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். எட்டு வயதுக் குழந்தைகள் உள்ளதை உள்ளபடி நன்றாகவே சொல்வார்கள்.

உத்தரவு வந்தபின் உங்களுக்கு என்னென்ன கட்டுப்பாடுகள் வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீதிமன்றம் கேட்டால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் அதன் பிறகு வரவு செலவுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். அனுமதி இல்லாமல் தோப்பை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. குழந்தையின் படிப்புக்காகவே விற்பதானாலும் அனுமதி கேட்டுத்தான் விற்க வேண்டும். வருடக் காய்க் குத்தகைக்கு இந்தத் தடை இல்லை, பணத்தை மட்டும் அவள் கணக்கில் போடுங்கள்.

பெங்களூர் விஷயத்தை மனுப் போடும்போதே சொல்லிவிடுங்கள். நீதிமன்றம் நியமித்த கார்டியன் அனுமதி இல்லாமல் குழந்தையை அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே கூட்டிப்போய்க் குடிவைக்க முடியாது. ஓசூர் நம் மாவட்டம்தான், அத்திப்பள்ளி வந்துவிட்டாலே வேறு மாநிலம். வேலை, வீடு, பள்ளி விவரங்களோடு கேட்டால் அனுமதி கிடைக்கும். கேட்காமல் போனால் பெரியப்பா கையில் நீங்களே ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தத்தெடுத்த பெற்றோருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பெங்களூர் நிச்சயம் என்று ஆகிவிட்டால் தத்தின் பக்கம் கொஞ்சம் எடை கூடும்.

மனு நடக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

வாரிசுச் சான்று: அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அவை வந்ததும் பாட்டி பெயரோடு குழந்தை பெயரையும் சேர்த்துப் பட்டா மாறுதல் கேளுங்கள். தோப்பின் வில்லங்கச் சான்று ஒன்றையும் எடுத்து, நடுவில் ஏதாவது பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வைப்புத் தொகை: வங்கியில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ பணம் தேவைப்பட்டால், நஷ்ட ஈடு கொடுத்த விபத்துத் தீர்ப்பாயத்தில் ரசீதுகளோடு மனுப் போட வேண்டும்.

பிஎஃப்: அப்பா கம்பெனியில் பிஎஃப் பிடித்திருந்தால், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 25 வயது வரை மாத ஓய்வூதியம் உண்டு. அக்கா விதவை ஓய்வூதியம் வாங்கியிருந்தால் அந்த எண்ணை வைத்தே விண்ணப்பிக்கலாம். நிறையப் பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். தத்து எடுத்தால் இந்த ஓய்வூதியம் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உதவித் தொகை: பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாநில அரசு 2025இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2000 ரூபாய் தருகிறார்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டு, மாதம் 4000 ரூபாய் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சொல்வார்கள். உறவினர் வீட்டில் வளர்வது இதற்குத் தடையில்லை.

வக்கீல் செலவை நினைத்து மனுவைத் தள்ளிப் போடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

தத்து பற்றிய முடிவு

"அவளை என் இரண்டாவது மகளாகவே எழுத்திலும் ஆக்கிவிட வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆசையில் தவறே இல்லை. கார்டியன் உத்தரவு 18 வயதோடு முடிந்துவிடும், தத்து முடியாது. நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையிலும் பாஸ்போர்ட்டிலும் ஆஸ்பத்திரிப் படிவத்திலும் நீங்கள் அம்மாவாக இருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு எட்டு வயது. அப்பா முகமும் அம்மா குரலும் நினைவிருக்கிற வயது. பிறப்புச் சான்றிதழில் அவர்கள் பெயர் போய் உங்கள் பெயர் வருவது அவளுக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், அம்மாவை இன்னொரு முறை இழந்ததுபோலவும் இருக்கலாம். எது என்று நம்மால் ஊகிக்க முடியாது, அவள்தான் சொல்ல வேண்டும். சட்டம் அவளுடைய சம்மதத்தைக் கேட்பதும் இதற்காகத்தான். துக்கம் ஆறி ஒன்றிரண்டு வருடம் போகட்டும். அதற்குள் உங்கள் அப்பாவின் செட்டில்மெண்ட் முடிந்திருக்கும், தோப்பின் பட்டாவில் அவள் பெயர் ஏறியிருக்கும். அப்போது உங்கள் மகளையும் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தப் பெண்ணும் இதில் ஒரு கட்சி, அவள் மனதையும் கேட்காமல் செய்யாதீர்கள். இருவரும் சரி என்றால் உறவினர் தத்துக்கு விண்ணப்பியுங்கள். 18 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் அவசரம் இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் 15 வயது வரம்பு இந்த வழிக்குக் கிடையாது.

அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் உயிலில் அவளுக்கு ஒரு பங்கு எழுதுங்கள். உங்களை அவள் இப்போது எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படியே கூப்பிடட்டும்.

கடைசியாக, பாட்டி. மகனைப் பறிகொடுத்த அந்த அம்மா திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் பேத்தியைக் கட்டிப்பிடித்து அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா மீதுள்ள கோபத்தில் அந்த வழியை அடைத்துவிடாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறையில் சில நாட்களும் பாட்டி பேத்தியைப் பார்க்கலாம் என்று உங்கள் மனுவிலேயே நீங்களாக எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்தில், எத்தனை மணி நேரம், யார் கூட்டிப்போய்க் கூட்டி வருவது என்பதையும் விவரமாக எழுதுங்கள். அதைப் படித்துக் காட்ட, நோட்டீஸ் போவதற்கு முன்பே ஒரு நாள் உங்கள் அப்பாவைப் பாட்டியிடம் அனுப்பி வையுங்கள்.